கணக்கில் சேராத கை

மட்டாஞ்சேரி ஜூ டவுன் கிடங்குகளில் சுக்கு தரம் பிரிக்கிற பெண்களில் சீனியம்மாளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். அந்த வாய்தான் அவள் சோற்றில் மண்ணள்ளிப் போட்டது.

அங்கே செங்கொடித் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டமென்றால் முதலில் உலகம், அப்புறம்தான் கூலி. எண்பத்தைந்தில் செயலாளர் சங்கரலிங்கம், ஆப்கானிஸ்தானில் இருந்த சோவியத் படையை ஆதரித்துத் தீர்மானம் வாசித்தார். உலகத்துக்கே வழிகாட்டும் நாடு தப்புப் பண்ணுமா என்று மேசையைத் தட்டினார். எல்லாரும் கை தூக்கினார்கள். இவள் மட்டும் எழுந்து, "ஒத்தாசைக்குப் போனவன் அஞ்சு வருசமாத் திரும்பலேன்னா, அது ஒத்தாசையா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டாள். மறுவாரமே சங்கத்திலிருந்து பெயரை நீக்கிவிட்டார்கள். சங்கத்தில் இல்லாதவளுக்கு நிரந்தர வேலை ஏது? ஆள் போதாத நாளில் மட்டும் கூப்பிட்டார்கள். மூன்று வருடத்தை அரை வயிறும் கால் வயிறுமாக ஓட்டினாள்.

எண்பத்தெட்டில் அந்தப் படையே ஊர் திரும்பத் தொடங்கியது. சாயாக்கடையில் பேச்சு மாறிப்போனது. "வலியவன்னு நெனச்சோம், மலையில போய் மாட்டிக்கிட்டானே. இனி யாரு அவன் பேச்சைக் கேப்பா?" என்று சங்கத்து ஆட்களே சொன்னார்கள்.

அந்த வருடக் கூட்டத்தில், மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி மனுக் கொடுத்துவிட்டுச் சீனியம்மாள் வாசலோரம் உட்கார்ந்தாள். இன்றும் தள்ளிவிட்டால் ஊரைவிட்டே போக வேண்டியதுதான். சங்கரலிங்கம், படை திரும்புவதை வரவேற்கும் தீர்மானத்தை வாசித்தார். இந்தத் தடவை மேசை தப்பித்தது. கைகள் உயர்ந்தன. சீனியம்மாளும் தூக்கினாள்.

"சீனியம்மா, கையைத் தாழ்த்து. நீ மெம்பர் இல்லல்லோ," என்றார் சங்கரலிங்கம்.

"அன்னைக்கு நான் சொன்னதைத்தானே இன்னைக்கு நீங்க வாசிக்கீக?"

"சொன்னது சரிதான். நேரங்காலம் இல்லாமச் சொன்னேல்லா, அது தப்பு."

அடேயப்பா, என்ன நியாயம்! சீனியம்மாள் தூக்கிய கையைத் தாழ்த்தவில்லை. அவளோடு சுக்குப் பிரிக்கிறவள், முன்வரிசையில் இருந்த அங்கம்மாள், மெல்லத் தன் கையை இறக்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. சுக்குக்காரிகள் ஒருத்தி பாக்கியில்லாமல் இறக்கிவிட்டார்கள்.

சங்கரலிங்கத்துக்கு முகம் வெளிறிவிட்டது. "என்னம்மா இது? இப்போ சண்டை நடக்கணும்ங்கிறீங்களா?"

"இவ கையை எண்ணினா எங்க கையும் வரும்," என்றாள் அங்கம்மாள்.

அவர் மிச்சமிருந்த கைகளை எண்ணிப் பார்த்தார்; தீர்மானம் நிறைவேற அது போதாது. "செரி, பேரு சேத்தாச்சு. பழைய சர்வீஸ் எல்லாம் கிடையாது. இன்னைக்குத்தான் சேந்த மாதிரி."

மூன்று வருடப் பட்டினிக்கு அவ்வளவுதான் பதில். ஆனாலும் சீனியம்மாள் கையை இறக்கவில்லை.

"முதல்ல இந்தக் கையை எண்ணுங்க," என்றாள்.