அறுபதில் நிற்பவர்

அவரை எல்லோரும் 'அறுபது' என்றுதான் கூப்பிட்டார்கள். வயதை வைத்து வந்த பெயர் இல்லை, வயது நாற்பத்தெட்டுதான். கடலின் ஆழத்தில் சாதனை செய்யக் கிளம்புகிறவர்கள் ஒரு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். அவர்கள் திரும்பி ஏறி வரும்போது, முதுகில் இருக்கும் சிலிண்டர் தீரும் தறுவாயில் இருக்கும். மாற்று சிலிண்டரோடு ஒருவர் அறுபதாவது மீட்டரில் கயிற்றோரம் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். பதினாறு வருடமாக அப்படி நின்றவர் இவர்தான்.

மற்ற நாட்களில் துறைமுகத் தெருவில், டைவிங் சாமான்கள் விற்கும் கடையில், சிலிண்டர்களில் காற்று அடைப்பார். கம்ப்ரஸர் போடும் சத்தத்தில் பேசிப் பேசி அவருக்குக் குரல் எப்போதும் இரண்டு பங்கு உரக்கத்தான் வரும். கடையின் பின்னறையில் அவர் மனைவி, கடலில் போடும் ரப்பர் உடைகளின் கிழிசலை ஒட்டித் தைத்துக் கொடுப்பாள். யார் எந்தப் பாறையில் உரசிவிட்டு வந்தார் என்பதைக் கிழிசலைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவளிடம் கதை அளந்து தப்பித்தவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை.

ஒரு நாள் கடைக்கு ஒரு பல் டாக்டர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சிரித்த முகம், பளிச்சென்ற பற்கள். அந்தக் கடலில் அதுவரை யாரும் இருநூற்று நாற்பது மீட்டர் தொட்டதில்லை, தான் தொடப் போவதாகச் சொன்னார். மூன்று வருடப் பயிற்சி, கூடவே படம் எடுக்க ஒரு கேமராக்காரர், கை நிறைய அட்டவணைகள்.

"அண்ணே, உங்களைத்தான் எல்லாரும் சொல்றாங்க. ஆனா இந்தத் தடவை அறுபதுல வேணாம். நூறுல நில்லுங்க."

அறுபதுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இத்தனை வருடம் மற்றவர்கள் கீழே போய்ப் பெயர் வாங்கி வருவதைப் பாதி வழியில் நின்று பார்த்தவர். 'நூறு' என்று யாராவது கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தும் பார்த்துவிட்டார்.

"நின்னுட்டா போச்சு," என்றார்.

பின்னறையில் தையல் மெஷின் நின்றது. மனைவி கையில் ஒரு ரப்பர் கால்சட்டையோடு வந்து நின்றாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அக்கா."

"நீங்க சொன்ன நேரத்துக்கு மேல வரலைன்னா இவர் என்ன பண்ணணும்?"

டாக்டர் அதற்குத் தயாராக இருந்தார். "யாரும் கீழ வர வேணாம் அக்கா. என் உயிருக்கு நான் பொறுப்புன்னு எழுதியே கொடுத்திருக்கேன்."

"அது உங்க உயிருக்கு. நான் இவரைப் பத்திக் கேக்கறேன். நூறுல நின்னுக்கிட்டு, கீழ வெளிச்சம் தெரியுது, ஆள் மேல வரலைன்னா, இவர் சும்மா நிப்பாருன்னு நினைக்கிறீங்களா? வீட்டுக்கு வந்தவங்களைத் தெருமுனை வரைக்கும் போய் வழியனுப்பற மனுஷன் இவர்."

டாக்டர் அட்டவணையைப் புரட்டினார். அட்டவணையில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.

அறுபதுக்குப் பழையது ஞாபகம் வந்தது. ஏழு வருடம் முன்பு, வேறொரு கயிற்றில் இறங்கிய ஒருவர் திரும்பி வரவில்லை. அவர் உடலையாவது கொண்டு வந்துவிடலாம் என்று மறுநாள் இரண்டு பேர் போனார்கள். இரண்டு பேருமே முந்தின வாரம் இதே கடையில் சிலிண்டர் நிரப்பிக்கொண்டு போனவர்கள். ஒருவர்தான் வந்தார். அன்று படகில் இருந்த அறுபது வீட்டுக்கு வந்து மூன்று நாள் கடைப்பக்கமே போகவில்லை. முதலில் போனவரும் தன் உயிருக்குத் தானே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தவர்தான்.

டாக்டரை அன்று மதியம் சாப்பிட வைத்துத்தான் மனைவி அனுப்பினாள். போவதற்கு முன் மூவரும் உட்கார்ந்து எழுதினார்கள். அறுபது அறுபதில்தான் நிற்பார். அதற்குக் கீழே ஒரு முழம்கூடப் போகக் கூடாது. இறங்கியதிலிருந்து முப்பத்திரண்டாவது நிமிடம் டாக்டர் அங்கே வந்து சேர வேண்டும். நாற்பது ஆகிவிட்டால் சிலிண்டர்களைக் கயிற்றில் கட்டிவிட்டு இவர் மேலே ஏறிவிட வேண்டும். உடலை எடுக்கவும் யாரும் போகக் கூடாது. இந்தக் கடைசி வரியை எழுதும்போது டாக்டரின் பேனா கொஞ்சம் நின்றது. எழுதி முடித்ததும், "வீட்டுல அம்மாகிட்ட இதைக் காட்டணும்," என்றார். அடுத்த ஒரு வாரம் அவர் போன் எடுக்கவில்லை. அம்மாவிடம் காட்டியிருக்கிறார், அம்மா போக வேண்டாம் என்றிருக்கிறார் என்று அறுபதுக்குப் புரிந்தது. ஆனாலும் இறங்க வேண்டிய நாளில் டாக்டர் வந்தார்.

அன்று காலை கடல் தகடு மாதிரி கிடந்தது. டாக்டர் உடம்பு முழுக்க சிலிண்டர் மாட்டிக்கொண்டு, நகரும் பாத்திரக்கடை போல இறங்கினார். கயிற்றில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் எண் எழுதிய ஒரு தகடு மாட்டியிருந்தது. தொட்ட ஆழத்துத் தகட்டைக் கழற்றி வந்தால் அதுதான் சாட்சி.

இருபத்தைந்தாவது நிமிடம் அறுபது தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். சுற்றிலும் மங்கிய நீலம். கீழே மை. கீழிருந்து காற்றுக் குமிழிகள் பொலபொலவென்று வந்துகொண்டிருந்தன. குமிழி வந்தால் ஆள் மூச்சு விடுகிறார். அந்தக் கணக்கு மட்டும் அவருக்குப் போதும்.

முப்பத்திரண்டு ஆயிற்று. ஆள் இல்லை. முப்பத்தைந்து. கீழே, முப்பது மீட்டர் தள்ளி, ஒரு வெளிச்சம் தெரிந்தது. அது ஏறவில்லை. ஒரே இடத்தில் நின்றது.

மனைவி சொன்னது அப்படியே நடந்தது. அவர் போக வேண்டும் என்று முடிவே செய்யவில்லை. கால்கள் தாமாக உதைத்தன. கயிறு கைக்குள் வழுக்கியது. கையில் கட்டியிருந்த, ஆழம் காட்டும் மீட்டர் அறுபத்து மூன்று காட்டியபோதுதான் தான் கையெழுத்துப் போட்ட தாள் ஞாபகம் வந்தது. கயிற்றை இறுக்கிப் பிடித்து நின்றார். மெல்லத் தன் இடத்துக்கு ஏறினார். அந்த மூன்று மீட்டர் ஏறியதுதான் தன் வாழ்நாளிலேயே கஷ்டமான ஏற்றம் என்று பிறகு சொல்வார்.

டார்ச்சைக் கீழே காட்டி வட்டம் போட்டார். நலமா என்று அதற்கு அர்த்தம். பதில் இல்லை. இன்னொரு வட்டம். கீழே இருந்த வெளிச்சம் ஆடியது. அப்புறம், குழந்தை சிலேட்டில் எழுதுவது போல, ஒரு கோணல் வட்டம் போட்டது. சிலிண்டர்களைக் கயிற்றில் கட்டத் தொடங்கினார். இரண்டாவது முடிச்சுப் போடும்போது முப்பத்தெட்டு. வெளிச்சம் ஏறத் தொடங்கியிருந்தது.

டாக்டர் வந்து சேர்ந்தபோது இவர் சிலிண்டரை நீட்டி, வாயில் குழாயை வைத்து, தோளைப் பிடித்துக்கொண்டார். தண்ணீருக்குள் பேச வைத்திருந்த சிலேட்டில் டாக்டர் எழுதினார்: "211. கை நடுங்குச்சு. திரும்பிட்டேன். வழியில கயிறு சிக்கிடுச்சு."

அந்த ஆழத்தில் சிலருக்கு உடம்பு அப்படி நடுங்கும். பல் பிடுங்கும் கை நடுங்கியதைப் பார்த்ததும் டாக்டர் மேலே ஏறத் தொடங்கியிருக்கிறார்.

அவ்வளவு ஆழம் போனவர் உடனே மேலே வர முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, நின்று நின்று, ஏழு மணி நேரம் ஏற வேண்டும். அறுபது நடுவில் படகுக்குப் போய் இளைப்பாறிவிட்டு, கடைசி ஆறு மீட்டரில் பேச்சுத்துணைக்கு மறுபடி இறங்கினார்.

"கேமராக்காரர் திட்டுவார்," என்று டாக்டர் எழுதினார்.

"உயிரோட இருந்தாத்தான் திட்டு காதுல விழும்," என்று இவர் எழுதினார்.

டாக்டர் சிரித்ததில் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

படகில் கயிற்றை இழுத்துச் சுருட்டும்போது கேமராக்காரர் இருநூற்று நாற்பதாம் தகட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "டாக்டர், இதைச் சும்மா பிடிச்சுக்கிட்டு ஒரு போட்டோ. யாருக்குத் தெரியப் போகுது?"

டாக்டர் தகட்டைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அது ஒரு நல்ல தகடு, புதுசு. பிறகு, "என் பையில இருக்கற இருநூத்திப் பத்தை எடுங்க. அங்கதான் போனேன்," என்றார். அந்தப் படம் ஒரு பத்திரிகையிலும் வரவில்லை.

வீட்டில் மனைவி உடைகளைக் கழுவப் போட்டுவிட்டு, போன ஆழத்தைப் பதிந்து வைத்திருக்கும் மீட்டரை எடுத்துப் பார்த்தாள்.

"அறுபத்து மூணா?"

"நீரோட்டம் இழுத்துடுச்சு."

"காலையில கடல் தகடு மாதிரி இருந்துச்சுன்னு இப்பத்தான சொன்னீங்க."

அவர் தலையைச் சொறிந்தார். அவள் மீட்டரைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். "திரும்பி வந்தீங்கள்ல," என்றாள். சிறிது நேரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், வேலை கிடக்கிறது என்று எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு சாதனைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பின்னறைக்குப் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆறு பேர் வந்தார்கள். அவள் கேட்ட அதே கேள்வி காதில் விழுந்ததும் இரண்டு பேர் வேறு கடை தேடிப் போனார்கள். ஒருவர் சாதனையையே விட்டுவிட்டுப் பவளப்பாறைகளை அளக்கப் போய்விட்டார். மற்ற மூவரும் உட்கார்ந்து எழுதினார்கள்.

மறு வருடம், வேறு ஒரு குழுவோடு இறங்கிய ஒருவர் இருநூற்று நாற்பத்திரண்டு தொட்டுவிட்டு நலமாக வந்தார். செய்தித்தாளில் பெரிய படம். பல் டாக்டர் ஒரு வாரம் உம்மென்று இருந்தார். அறுபது செய்தியை இரண்டு தடவை படித்துவிட்டு, "கயித்துல யார் யார் நின்னாங்கன்னே போடலையே," என்றார். கடையின் பெயரில் அந்தக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார்: வாழ்த்துகள், துணைக்கு நின்றவர்கள் யார் என்று தெரிவிக்கவும்.

பதினொரு நாள் கழித்து நான்கு பேரின் முகவரியோடு பதில் வந்தது. ஒருவர் பள்ளிக்கூட டீச்சர், ஒருவர் லாரி ஓட்டுகிறவர், இரண்டு பேர் அண்ணன் தம்பி. விடுமுறைக்கு நால்வரையும் அழைத்தார்கள். டாக்டரும் வந்தார், இனிப்புப் பெட்டியோடு. பல் டாக்டரே இனிப்போடு வருகிறார் என்று டீச்சர் கேலி செய்தார். யார் கால் எத்தனையாவது மீட்டரில் மரத்துப்போகும் என்ற பேச்சு தொடங்கி, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி, மத்தியானம் முழுக்க வீடு அதிர்ந்தது. எல்லாக் குரலுக்கும் மேலே அறுபதின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.