எரியாத இடது விளக்கு

அம்மா இறந்துபோன பிறகு ஒரு வருடம் முழுக்க அப்பா என்னிடம் பேசியதைச் சேர்த்து எழுதினால் ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும். சாப்பிட்டாயா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள். கடல் கடந்து பிழைக்க வந்த ஊரில், ரேஸ்கோர்ஸ் ரோட்டில், கீழே கடை உள்ள ஒரு கடைவீட்டின் மாடி அறையில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த குடும்பம் எந்நேரமும் சண்டை போடும். நான் பலகையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். சண்டை போடவாவது அவர்களுக்கு ஆள் இருக்கிறதே என்று பொறாமையாக இருக்கும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாகப்பட்டினத்திலிருந்து பெரியம்மா மாதம் தவறாமல் கடிதம் எழுதுவார். பெண்பிள்ளையைத் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள், கப்பலேற்றி அனுப்பிவிடுங்கள், நான் வளர்க்கிறேன் என்பதுதான் எல்லாக் கடிதங்களிலும் இருக்கும். அப்பா படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நான் உபயோகமாக இருந்தால் அனுப்பமாட்டார் என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். ஆனால் எனக்குச் சமைக்கத் தெரியாது. துணி துவைத்தால் சோப்பு போகாது. என்ன செய்வதென்று புரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கார் வந்தது.

அப்பா ஒரு பட்டறையில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எங்கள் பின்சந்துத் தகரக் கொட்டகையில் சொந்தமாக வேலை எடுத்துச் செய்வார். வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர் தம் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து விட்டார். பச்சை நிறம், இரண்டே இருக்கை. முன்பக்கம் பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி இருக்கும். பின்பக்கமோ இரண்டு விளக்குகளும் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தன. விளக்கைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் வெயிலில் காய்ந்து வெடித்துவிட்டிருந்தன. புதியது வேண்டுமென்றால் சீமையிலிருந்துதான் வரவேண்டும். வாத்தியாரோ ஊர் திரும்புவதற்குள் காரை விற்றாக வேண்டும் என்று அவசரப்பட்டார். இருவரும் ஆளுக்கொரு தினுசான மலாயில் பேசிக்கொண்டார்கள். இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்தார்.

பழைய லாரி டயரை அறுத்துக் கட்டை செதுக்கினார். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் முக்கி முக்கி வெட்டினார். இல்லாவிட்டால் ரப்பர் கத்தியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது ஞாயிறு மாலை விளக்குகளைப் பொருத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். படிக்கட்டில் இருந்த என்னைக் கூப்பிட்டார்.

"பின்னால போய் நில்லு. பிரேக்க மிதிக்கிறேன், எரியுதான்னு பாத்து சொல்லு."

இரண்டும் எரிந்தன. சொன்னேன். இப்போது, இப்போது என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் என்னை இத்தனை கேள்விகள் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. திடீரென்று பயம் வந்தது. இன்னும் ஒரு பதிலோடு வேலை முடிந்துவிடும். கார் போய்விடும். அப்பா மாடிக்குப் போய்ப் பெரியம்மாவுக்குப் பதில் எழுத உட்காருவார்.

"இடது எரியலப்பா" என்றேன்.

இறங்கி வந்தார். திருகாணிகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஒயரின் முனையைச் சுரண்டினார். ரப்பரில் கரண்ட் போகாது, அதனால்தான் இதற்குத் தனியாக ஒரு ஒயர் என்று எனக்கு விளக்கினார். பழைய கட்டை ஏன் வெடித்தது, டயர் ரப்பர் ஏன் தாங்கும் என்றெல்லாம் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி பொருத்திவிட்டு ஏறி மிதித்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. எரியவில்லை என்றேன்.

மூன்றாவது முறை திருகாணியை இறுக்கும்போது புதுக்கட்டை குறுக்கே கிழிந்தது. நான் அழுதுவிட்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அப்பா கிழிந்த கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடுத்த வாரம் வேற ஒண்ணு செதுக்கிக்கலாம். நீ இருக்கணும்லா. பாத்து சொல்ல ஆள் வேணும்" என்றார்.

மறுநாள் வாத்தியார் வந்து கத்தினார். காரை வாங்கவிருந்தவர் கைநழுவிப் போய்விட்டாராம். தப்பு தன் கையில்தான் என்று அப்பா தலை குனிந்து நின்றார். மூன்றாவது ஞாயிறு நான் ஒழுங்காகச் சொன்னேன், கார் போயிற்று. அந்த வாரமே அப்பா பெரியம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி, தபாலில் போட்டுவர என்னிடமே கொடுத்தார். அதன் பிறகு கப்பல் பேச்சு எழவே இல்லை. அப்பாவை ஏமாற்றி என் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று எனக்கு வெகுகாலம் பெருமை, கூடவே கொஞ்சம் உறுத்தல்.

அப்பா இறந்து சில வருடங்களுக்குப் பின் நானும் ஒரு கார் வாங்கினேன். பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. தோ பாயோ வட்டாரத்தில் கார் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். வண்டியின் பின்பக்கத்தைச் சுவருக்கு நேராக நிறுத்தி பிரேக்கை மிதித்தால், ஓட்டுபவருக்குப் பின்பக்கத்தைக் காட்டும் கண்ணாடியிலேயே சுவரில் விழும் வெளிச்சம் தெரிந்துவிடும், இது மெக்கானிக் எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்றார். அன்று சாயங்காலம் அப்படியே செய்து பார்த்தேன். பின்னால் சுவரில் இரண்டு பக்கமும் வெளிச்சம் சிவப்பாக விழுவது கண்ணாடியில் தெரிந்தது.

பிரேக்கிலிருந்து காலை எடுக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கொட்டகையிலும் காரின் பின்பக்கம் தகரச் சுவரைப் பார்த்துத்தான் நின்றது. எரியவில்லை என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும், அது எரிவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் அப்பா இறங்கி என்னிடம் வந்திருக்கிறார்.