தரையில் இரண்டு பட்டைகள்

ஓய்வு பெறும்வரை திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் எனக்குத் தேய்மானம் பார்ப்பதுதான் வேலை. எந்த இரும்பானாலும் தடவிப் பார்த்து, ஏன் தேய்ந்தது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரோடுதான் எங்கள் ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டின் லேமினேட் தரையையும் குனிந்து பார்த்தேன். மரம் மாதிரி அச்சடித்த பலகை. கட்டிலிலிருந்து அடுப்படி வரை இரண்டு பட்டைகளில் பளபளப்பு போய், மரக்கோடுகளே அழிந்திருந்தன.

முதலில் தண்ணீர் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை தரையில் தண்ணீர் படாவிட்டால் என் மனைவிக்கு அது வீடே இல்லை. ஆனால் தண்ணீர் இறங்கியிருந்தால் பலகைகளின் ஓரம் உப்பியிருக்கும். அப்படி இல்லை. அடுத்த சந்தேகம் அவளுடைய கோலமாவு. கல்மாவு காலில் ஒட்டி உள்ளே வந்தால் தரையை அராவிவிடும். அப்படியானால் வாசலருகேதான் கீறல் அதிகம் இருக்க வேண்டும். அங்கே தரை புதிது போல இருந்தது.

போக ஒரு பட்டை, வர ஒரு பட்டை. இரண்டும் ஒற்றைச் செருப்பின் அகலம். அவள் வீட்டுக்குள் போடும் ரப்பர் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். இடது செருப்பின் முனை காகிதமாகத் தேய்ந்திருந்தது.

அவளுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அதற்குள் திரும்பி வராத பலம் இனி வராது என்று தில்லை நகர் டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அவர் முன்னாலும் என் முன்னாலும் காலைத் தூக்கித் தூக்கித்தான் வைக்கிறாள். கால் சரியாகிவிட்டது என்று நம்பியிருந்தேன். யாரும் பார்க்காதபோது இழுத்துக்கொண்டு நடக்கிறாள். செருப்பை இருந்தபடியே திருப்பி வைத்தேன்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" பின்னால் நின்றிருந்தாள். "என் காலாங்க?"

"உன் காலு என்ன பண்ணுச்சு? எல்லாம் அந்தக் கோலமாவுதான்."

அவள் முகம் அப்படியே தெளிந்தது. அப்படி ஒரு தெளிவை நான் பார்த்துப் பல மாதமாகிறது.

மறுநாள் காலையில் வாசல் கோலமில்லாமல் வெறுமையாக இருந்தது. யார் உதவியும் இல்லாமல், முக்காலியில் உட்கார்ந்து, அவள் தானே செய்துவந்த ஒரே வேலை அது.

"தரை பாழாகுதுல்ல, விட்டுட்டேங்க. இனிமே நல்லா இருக்கும் பாருங்க," என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். கோலத்தைப் போடு என்றால், தரையைத் தேய்த்தது அவள் கால்தான் என்று ஆகிவிடும்.