எத்தனை தையல்?

அடையாற்றங்கரைக் குடிசைகளில் ஆபரேஷனுக்குக் கிடைக்கும் மரியாதை தையலைப் பொறுத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவளைப் பார்க்க ரொட்டியும் பாலுமாக வரும் பெண்கள் முதலில் கேட்பதே, "எத்தினி தையல்?" என்றுதான். கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்த சுலோச்சனாவுக்குத் தொப்புளிலிருந்து அடிவயிறு வரைக்கும் தையல். மாதக்கணக்கில் அவளை யாரும் துடைப்பம் தொட விடவில்லை. இன்றைக்கும் அந்தத் தழும்பைச் சொல்லியே தண்ணீர் லாரி வரிசையில் முதல் ஆளாகப் போய் நிற்பாள். ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டாள்.

தி.நகரில் வீட்டு வேலை செய்யும் தேவானைக்கு நடந்ததோ புது மாதிரி ஆபரேஷன். சினைப்பையில் கட்டி. மயிலாப்பூர் டாக்டரம்மா வயிற்றைக் கீறவே இல்லை. உள்ளே காற்றை நிரப்பி, மூன்று துளை போட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே கட்டியை எடுத்துவிட்டார். மறுநாளே நடக்க வைத்தார். வெளியே சின்னக் காயம்தான், ஆனால் உள்ளே ஆற வேண்டும், ஒரு மாதத்துக்குக் குடம் தூக்கக் கூடாது என்று அவள் புருஷன் பொன்னுரங்கத்திடம் படித்துப் படித்துச் சொன்னார். அந்த மகராசன் காதில் முதல் பாதிதான் ஏறியது.

போதாக்குறைக்கு, நிரப்பிய காற்றின் மிச்சத்தால் தேவானைக்குத் தோள்பட்டை வலித்தது. அப்படித்தான் வலிக்கும், இரண்டொரு நாளில் போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவன் நம்பினால்தானே.

"வயித்துல ஆபரேசன், தோள்ல நோவா? இன்னா கதை வுட்டுக்கினு கீற? காலைல லாரி வருது, கொடத்த எடுத்து வையி."

தேவானை சண்டை போடவில்லை. பழைய சேலையைக் கிழித்து வயிற்றைச் சுற்றிப் பெரிய கட்டாகக் கட்டிக்கொண்டாள். சுலோச்சனா அந்த நாளில் நடந்த மாதிரியே கூனிக் கூனி நடந்தாள். பாவம், நிஜமான வலிக்குப் பொய்க்கட்டு போட வேண்டியிருந்தது.

காலையில் லாரி வருவதற்கு முன்பே பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன வேகத்தில் திரும்பியவளுக்கு இவ்வளவு பெரிய கட்டா என்று ஆளுக்கொரு பேச்சு. கடைசியில், சுலோச்சனா பார்த்துச் சொல்லட்டும் என்று பொன்னுரங்கமே உள்ளே அனுப்பினான்.

அவள் கதவைச் சாத்திவிட்டுக் கட்டை அவிழ்த்தாள். உள்ளே விரல்நகம் அளவில் மூன்று பிளாஸ்திரி. தேவானைக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"உள்ள இன்னும் ஆறலக்கா. பயமா கீது."

சுலோச்சனா சேலைத் துணியை முன்பு இருந்ததைவிட ஒழுங்காகச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு வெளியே போனாள்.

"என்னுதவிடப் பெர்சு," என்று அவள் சொல்வது தேவானைக்குக் கேட்டது. "கொடத்த நீ எடுத்துக்கினு போ, பொன்னுரங்கம்."

லாரி வந்தது. தேவானை கதவிடுக்கில் பார்த்தாள். வரிசையில் முதல் குடம் பொன்னுரங்கத்தினுடையது. சுலோச்சனா கடைசியில் நின்றிருந்தாள்.