அடுத்தவன் தண்ணீரில் பேசியவன்

மிகோன் தன் வாழ்நாளில் பேசியதை எல்லாம் சேர்த்து வைத்தாலும், ஏதென்ஸ் சந்தையில் மீன் விற்பவள் ஒரு காலைப்பொழுதில் அதைப் பேசி முடித்துவிடுவாள். அகார்னே மலைச்சரிவில் கரி சுடுகிறவன். ஊமையில்லை, திக்குவாயும் இல்லை. கேட்ட கேள்வியை உள்ளே கொண்டுபோய், சொல்லப்போவது உண்மைதானா என்று பார்த்துவிட்டுத்தான் பதிலை வெளியே விடுவான். சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட அப்படித்தான். அவன் மனைவி பிலின்னா கேட்டுவிட்டு மாவு பிசையப் போய்விடுவாள். பிசைந்து முடிக்கும் நேரத்துக்குப் பதில் வரும்.

யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே நம்புகிறவனும்கூட. ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாயேன் என்று பேச்சுக்குச் சொன்னவர்கள் வீட்டில் மறுநாளே போய் நிற்பான்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் வழக்கு வந்தது. ஒவ்வொரு ஊரும் தன் குடிப்பட்டியலை அலசி, அந்நியர்களை நீக்க வேண்டும் என்று ஏதென்ஸ் நகரம் ஆணை போட்டிருந்த வருடம் அது. அகார்னேக்காரர்கள் மிகோன் பெயரை அடித்துவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? தாய்மொழியாக இருந்தால் இப்படியா தடவித் தடவிப் பேசுவான், இவன் அப்பன் எங்கிருந்தோ கூலிக்கு வந்தவன் என்று ஒருவன் கிளப்பிவிட்டான். மிச்சப் பேருக்கு வெயில், பசி. கை தூக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நீதிமன்றத்தில் முறையிடலாம். ஆனால் அங்கே தோற்றால் நகரமே அவனை அடிமையாக விற்றுவிடும். பிலின்னாவுக்கு அப்போது ஏழாம் மாதம். முறையிட வேண்டாம், எங்கேயாவது போய்விடலாம் என்று அழுதாள். மிகோன் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, தான் இந்த ஊர்க்காரன்தான் என்றான்.

எங்கள் நீதிமன்றத்தில் பேச்சைத் தண்ணீரால் அளப்பார்கள். பானையின் அடியில் ஓட்டை, தண்ணீர் தீர்ந்தால் வாயை மூட வேண்டும். இரண்டு தரப்புக்கும் ஒரே அளவு. அளவு சமமாக இருந்தால் நீதி வந்துவிட்டது என்று எங்களுக்கு ஒரு பெருமை! வாயாடிக்கும் மிகோனுக்கும் ஒரே பானையா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஊர் சார்பில் பேச வந்தவன் தெலேசோன். மிகோனுக்கு அண்ணன் வயது, வெண்கலக் குரல். பேச்சை எழுதிக் கொடுக்கவென்றே ஏதென்ஸில் இருக்கும் கெட்டிக்காரன் ஒருவனிடம் வாங்கி, பத்து நாள் மனப்பாடம் செய்திருந்தான். முதலில் அவன்தான் மேடை ஏறினான். தண்ணீர் பாதி இறங்கியபோது கையை உயர்த்தினான்.

"நம் ஊர்க்காரன் இறந்தால் நாம்தான் மண் இடுவோம். இவன் தந்தையின் சடலத்தின் மீது நம் ஊரார் ஒருவராவது ஒரு பிடி மண் இட்டதுண்டா? உண்டென்றால் அந்தப் பெயரை இவன் இப்போதே சொல்லட்டும். என் தண்ணீரிலேயே சொல்லட்டும், நான் விட்டுக் கொடுக்கிறேன்!"

எங்கள் நகரத்தில் வாரத்துக்கு நாலு பேராவது மேடையில் இப்படிச் சவால் விடுவார்கள். எல்லாம் கைதட்டலுக்குத்தான். யாரும் எழுந்து வந்ததில்லை. மிகோன் எழுந்து வந்தான்.

ஐநூற்றொரு நடுவர்களும் சிரித்தார்கள். நீதிமன்றத் தலைவருக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. விட்டுக் கொடுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னதுதானே, ஏறட்டும் என்று பெஞ்சுகளிலிருந்து கூச்சல் எழுந்தது. தெலேசோன் வேறு வழியில்லாமல் ஒதுங்கி நின்றான்.

மிகோன் மேடையில் சும்மா நின்றான். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. வறுத்த கொண்டைக்கடலையை மென்றுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"மழை பேஞ்சுச்சு," என்றான் கடைசியில். "எங்க ஊர் மயானம்தான். மண்ணு சேறாக் கெடந்துச்சு. நாலு பேரு வந்தாங்க. அதுல மூணு பேரு இப்ப இல்ல."

பிறகு தெலேசோன் பக்கம் திரும்பினான்.

"நாலாவது ஆளு நீங்கதானே, அண்ணே?"

எதிராளி நேராகக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், மறுக்க உயிரோடு ஆள் கிடையாது. ஊர்க்காரர்கள் பத்துப் பேர் தெலேசோன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாயைத் திறந்தான், மூடினான். பானையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகிவிட்டது.

"ஆமா," என்றான். "நான் போட்டேன்."

தன் முறை வந்தபோது மிகோனுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அண்ணன் சொல்லிவிட்டார் என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டான். நடுவர்கள் அவன் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். வெளியே காத்திருந்த பிலின்னா, அவன் வாயைத் திறப்பதற்குள் அவன் முகத்தைப் பார்த்தே அழுது முடித்துவிட்டாள்.

ஊரார் தெலேசோனை அதன்பின் எந்த மேடைக்கும் அனுப்பவில்லை. எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எட்டாம் நாள் மிகோன் அவன் வீட்டுக்கு நன்றி சொல்லப் போனான். நான், என் மனைவி, பிறக்கப்போகிற பிள்ளை, மூணு பேரும் உங்களால்தான் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல நினைத்திருந்தான். வார்த்தை வருவதற்குள் தெலேசோன் முந்திக்கொண்டான்.

"சும்மா இரு மிகோன். நான் நல்லவன்னு நெனச்சுக்காத. அந்தப் பேச்சை மனப்பாடம் பண்ணப்ப மண்ணு போட்டது நெனப்புக்கு வந்துச்சு. வந்தும்தான் பண்ணேன். மேடையில இல்லைன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன்."

"அப்புறம்?"

"நீ பாத்த பார்வை! சாட்சி இல்ல, தோத்தா உன்னை வித்துருவாங்க. நீ பாட்டுக்கு, இவரு உண்மையத்தான் சொல்லுவாருன்னு நின்னியே. என் குரலைப் புகழாத ஆளு இந்த ஊர்ல கெடையாது. ஆனா என்னை நம்பி ஒருத்தன் அப்படி நின்னதில்லடா. நன்றி சொல்ல வேண்டியவன் நான்."

மிகோன் அதை உள்ளே கொண்டுபோனான். தெலேசோனின் மனைவி ஒலிவக் காயும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வெகுநேரம் கழித்துத்தான் மிகோன் நிமிர்ந்தான்.

"நீங்க இல்லைன்னு சொல்ல முடியும்ங்கிறதே எனக்குத் தோணல, அண்ணே."

தெலேசோன் ரொட்டியைப் பிய்த்து, பெரிய பாதியை அவன் பக்கம் நகர்த்தினான்.