சனியைத் தேடிப் போன மனிதர்

என் கணவர் சுகிர்தனைப் பற்றிக் கொழும்பு வெள்ளவத்தையில் விசாரித்தால் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆளைச் சொல்வார்கள். கோயிலடியில் கேட்டால், திருவெம்பாவைக்கு மிருதங்கம் வாசிக்கிறவர் என்பார்கள். எங்கள் ஒழுங்கையில் கேட்டால், மரத்தில் ஆந்தை செதுக்குகிற அண்ணை. கோட்டைப் பக்கம் அவர் வேலை செய்யும் காப்புறுதிக் கம்பனியில் கேட்டால், கூட்டம் நடக்கும்போது மேசைக்கடியில் முகாமையாளரின் மூக்கை வரைகிறவர். இருபத்தாறு வருடமாக அவரோடு குடும்பம் நடத்துகிற என்னைக் கேளுங்கள்: இரண்டு அறை வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் செய்த மனிதர். களிமண் வாளியில் நான் தடக்குப்படாத நாள் அருமை.

இவ்வளவையும் சொன்ன வாயால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதரைப் பார்த்து நான் வாயடைத்துப் போயிருக்கிறேன். நான் வாயடைப்பது லேசான காரியம் இல்லை என்று எங்கள் தொடர்மாடியில் எல்லாருக்கும் தெரியும்.

எல்லாம் 2022இல், கரண்ட் இல்லாமல் நாடு கிடந்த காலத்தில் தொடங்கியது. புழுக்கம் தாங்காமல் ஐந்து மாடிச் சனமும் பாயோடு மொட்டை மாடிக்கு ஏறுவோம். காலி வீதி முழுக்க இருட்டு. கொழும்புக்கு மேலே அத்தனை நட்சத்திரம் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் அதுவரை தெரியாது. நான் கரண்டையும் காஸையும் அரசாங்கத்தையும் திட்டிக்கொண்டு விசிறிக்கொண்டிருந்தேன். இவர் மல்லாந்து படுத்தவர் எழும்பவே இல்லை.

"அருந்ததி, அந்தா தெரியிற மஞ்சள் வெளிச்சம்தான் சனி. அதைச் சுத்தி ஒரு வளையம் இருக்காம். அதை நானே ஒரு தொலைநோக்கிக் கண்ணாடி செய்து பாக்க வேணும்."

"ஆக்கள் சனி பாக்கக்கூடாதெண்டு எள்ளெண்ணெய் எரிக்கினம். நீங்கள் அதைத் தேடிப் போகப் போறியளோ? வீட்டில நான் ஒருத்தி இருக்கிறது காணாதோ?" என்றேன். பக்கத்துப் பாய்க்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை.

அடுத்த கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். அங்கே அலவி நானா என்பவர் உடைத்த கப்பல்களின் சாமான் விற்கிறார். கப்பல் யன்னலுக்குப் போட்ட வட்டக் கண்ணாடி இரண்டை இவர் தேடி எடுத்தார். ஒவ்வொன்றும் சின்னத் தோசைக்கல் அளவு; என் பெருவிரலைவிடத் தடிப்பு.

"என்னத்துக்கு சேர், மீன் தொட்டிக்கா?" என்று அலவி நானா கேட்டார்.

"இல்லை நானா, சனியைப் பாக்க."

"யா அல்லாஹ்! சல்லி குடுத்தா அதப் பாக்கப் போறீங்க? எங்களுக்குச் சும்மாவே கடையில ஒக்காந்து ஈக்குதே!"

அந்தக் கிழமைதான் என் அண்ணா சண்முகலிங்கத்தின் வீட்டில் பிறந்தநாள் விருந்து. அண்ணாவுக்கு நாக்கு என்னைவிட நீளம். கண்ணாடிக் கதை கேட்டதும் எல்லார் முன்னாலும் சொன்னார்: "மச்சான், உமக்குப் பத்து விரலிலயும் வித்தை இருக்கு. ஆனா ஒரு விரல் தொடங்கினதை மற்ற விரல் முடிக்க விடுறேல்லை."

இவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து, கண் வைக்காமல் விட்ட ஆந்தை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார். "அண்ணா சொன்னது சரி. அம்பது வயசாகுது. இது நான் முழுசா முடிச்ச சாமான் எண்டு காட்ட ஒண்டும் இல்லை. இந்தக் கண்ணாடியை எண்டாலும் நான் முடிக்க வேணும், அருந்ததி." அண்ணாவோடு ஒரு மாதம் நான் கதைக்கவில்லை.

கண்ணாடி செய்வது என்றால் நான் நினைத்தது வேறு. ஒரு கண்ணாடியைத் தகரப் பீப்பாவின் மேலே இறுக்கி, கல்லறைக் கல் மினுக்குகிறவர்கள் பாவிக்கும் கருந்தூளைத் தண்ணீரோடு தூவி, மற்றக் கண்ணாடியை அதன்மேல் வைத்துத் தேய்ப்பது. தேய்த்துத் தேய்த்துப் பீப்பாவைச் சுற்றி நடப்பது. அவ்வளவுதான். மேலே இருக்கிறது தானாகக் குழியும், கீழே இருக்கிறது தானாகக் குவியும்; குழிந்ததுதான் தொலைநோக்கிக்கு. பிறகு அதைவிட மெல்லிய தூள், அதைவிட மெல்லிய தூள் என்று, கடைசியில் பவுடர் மாதிரி ஒன்றுக்கு வந்து சேரவேண்டும். பின்பல்கனியில் மனிதர் செக்குமாடு போலச் சுற்றினார். எனக்குப் பார்க்கவே தலை சுற்றியது.

கடைசித் தூளுக்கு வந்த வருடத்தில் ஒருநாள் "கிரீச்" என்று ஒரு சத்தம் கேட்டது. குசினியிலிருந்து ஓடிப் போனேன். கண்ணாடியின் நடுவே நகத்தால் கீறியது போல ஒரு நீளக் கோடு. அன்று காலை ஆந்தையை உரஞ்சிய மண்தாளில் இருந்து ஒரேயொரு மணல் அவர் போட்டிருந்த சேட்டின் கையில் ஒட்டிக்கொண்டு வந்து உள்ளே விழுந்திருக்கிறது. அந்தக் கோடு போகவேண்டுமானால் பழைய முரட்டுத் தூளில் இருந்து திரும்பத் தொடங்கவேண்டும்.

அன்றைக்கு அவர் ஒரு முடிவெடுத்தார். உளிகளை ஆருக்கோ கொடுத்தார். தூரிகைகளைக் கட்டி அலுமாரிக்கு மேலே எறிந்தார். மிருதங்கத்தைப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். "இனி ஒரே ஒரு வேலை" என்றார். வீடு துப்புரவானதில் எனக்குச் சந்தோசம் என்று சொல்லாவிட்டால் அது பொய்.

அந்தச் சந்தோசம் கனநாள் நிலைக்கவில்லை. வேலை விட்டு வந்தால் கண்ணாடி, சாப்பிட்டால் கண்ணாடி. ஒரு சின்ன மின்குமிழையும் சவர அலகையும் வைத்து அதைச் சோதிப்பார். கண்ணாடி பிழையென்றால் அதன் முகத்தில் நிழல் விழுமாம். நிழல் விழும். உடனே எடுத்துத் தேய்ப்பார். உடனே சோதிப்பார். வேறோர் இடத்தில் நிழல் விழும். மனிதர் மெலிந்து, கண் குழிந்து, கேட்டதற்கு மறுமொழி சொல்லாமல் திரிந்தார். பின்பல்கனிக்கு நேரே, கடல்பக்கத்தில், ஒரு புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அது உயர உயர மாலை வானம் சுருங்கிக்கொண்டு வந்தது. ஒருநாள் நின்று அதைப் பார்த்துவிட்டு, "தை மாதம் பின்னேரத்தில சனி அந்தப் பக்கம்தான் நிக்கும். அதுக்குள்ள முடியாட்டி இந்த மாடியில இருந்து பாக்கேலாது. நான் முடிக்கமாட்டன் போல இருக்கு" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே புகுந்து மிருதங்கத்தை இழுத்து அவர் மடியில் வைத்தேன். "இஞ்சருங்கோ, இப்ப இதை அடியுங்கோ. இல்லாட்டி நான் உங்களை அடிப்பன்!"

அடித்தார். முதலில் என் தொல்லைக்காக. பிறகு தனக்காக. இரண்டு மணித்தியாலம் வாசித்திருப்பார். சேட் முழுக்க வியர்வை. சாப்பிட்டுவிட்டு நித்திரைக்குப் போய்விட்டார். விடிய எழும்பி, முதல்நாள் பிழையென்று வைத்த கண்ணாடியைத் தொடாமல் அப்படியே சோதித்தார். திடீரென்று ஒரு கூச்சல். ஓடிப் போனால், மனிதர் சிரிக்கிறார்.

"நேற்றுத் தெரிஞ்ச பிழை இண்டைக்கு இல்லை! அருந்ததி, நான் இவ்வளவு நாளும் சோதிச்சது கண்ணாடியை இல்லை. என்ர கைச்சூட்டை."

எனக்கு விளங்கவில்லை. "பெருவிரலைக் கண்ணாடியில வைச்சு எடும்" என்றார். வைத்து எடுத்தேன். "இப்ப இந்தச் சவர அலகின்ர விளிம்பால பாரும்."

பார்த்தேன். பளபளவென்ற கண்ணாடி முகத்தில், என் விரல் பட்ட இடத்தில், ஒரு குன்று எழும்பி நின்றது. என்னுடைய விரற்சூடு! தலைமயிரில் ஆயிரத்தில் ஒரு பங்கு உயரம்கூட இருக்காது என்றார் இவர். ஆனால் நிலவொளியில் தெரியும் மணற்திட்டி போல அதற்கு ஒரு பக்கம் வெளிச்சமும் ஒரு பக்கம் நிழலும் இருந்தன. நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நிற்க, அது மெல்ல மெல்ல அமிழ்ந்து, தட்டையாகி, இல்லாமலே போய்விட்டது. ஐயோ, எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு என்று இன்றைக்கும் தெரியாது.

"தேய்ச்சால் ஆறவிட வேணும். நான் வேறொண்டும் இல்லாமல் இதையே பிடிச்சுக்கொண்டு நிண்டதில ஆறவிடேல்லை" என்றார்.

அன்று பின்னேரமே பின்பல்கனிச் சுவரில் ஐந்து ஆணி அடித்தார். ஐந்து ஆணியிலும் ஐந்து பழைய சேட்டுகள். மரவேலைக்குக் கோடு போட்டது, மிருதங்கத்துக்கு வெள்ளை, சாயம் பூசவும் களிமண் பிசையவும் வேறு வேறு. கண்ணாடிக்குச் சாம்பல் நிறம். ஒரு நாளைக்கு ஒரு சேட்தான். அதைப் போட்ட பிறகு மற்ற வேலையைத் திரும்பியும் பார்க்கமாட்டார். கண்ணாடிச் சேட் போட்ட நாளுக்கு அடுத்த நாள் கட்டாயம் வேறு சேட். அவர் ஆந்தைக்குக் கண் வைத்துக்கொண்டிருக்க, கண்ணாடி தன்பாட்டில் ஆறும்.

சேட் மாற்றுமுன் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கை கழுவுவார். சத்திரசிகிச்சைக்குப் போகிற டொக்டர் தோற்றுப்போவார். தண்ணீர் பில் ஏறினது பற்றி நான் கத்தாத மாதம் இல்லை. ஐந்து சேட்டையும் தனித்தனியாகத் தோய்க்கவேண்டும் என்றும் சட்டம். தோய்க்கிறது ஆர்? நான்தான்! திட்டித் திட்டித் தோய்த்தேன். ஆனால் அதிசயத்தைக் கேளுங்கள்: பதினைந்து வருடம் குருடாகக் கிடந்த ஆந்தைகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன.

கண்ணாடி முடிந்து, வெள்ளி பூசி, கருப்புப் பெட்டிக் குழாய்க்குள் அதை இறக்கியபோது 2025 தை மாதம் பிறந்துவிட்டது. பக்கத்துக் கட்டடம் எங்கள் மாடியைத் தாண்டி வானத்தில் ஏறி நின்றது. இந்த வருடம் இன்னொரு சோதனையும் இருந்தது. சனியின் வளையம் எங்களுக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு நிற்கும் காலமாம். நூல் போலத்தான் தெரியுமாம். கண்ணாடி சரியென்றால் அந்த நூல் தெரியும். பிழையென்றால் வெறும் உருண்டை.

பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லி முடிந்து இருட்டின நேரம். குழாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். கட்டடத்தின் ஓரத்துக்கு மேலே, ஒரு முழம் இடைவெளியில், சனி மஞ்சளாக நின்றது. ஆனால் கட்டடத்தில் வேலை செய்கிறவர்களின் பெரிய மின்விளக்கு நேரே எங்கள் கண்ணில் அடித்தது. இவர் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். நான் பேசாமல் நிற்கிற பிறவியா?

"மல்லி! அர லைட் எக்க டிக்ககட்ட நிவன்ன புளுவன்த?" என்று சிங்களத்தில் கத்தினேன். கொஞ்ச நேரம் விளக்கை அணைக்கச் சொல்லி.

மேலிருந்து தலைமை மேசன், எல்லாரும் பாஸ் என்கிறவர், எட்டிப் பார்த்து, என்னத்தைப் பார்க்கிறோம் என்று கேட்டார். "மொனவத நோனா பலன்னே?"

"செனசுரு!" என்றேன். சனிக்குச் சிங்களப் பெயர் அதுதான்.

"அம்மோ, செனசுருத!" என்று பாஸ் தலையில் கைவைத்தார். சனியைத் தேடிப் பார்க்கிற சனத்தை அவரும் கண்டிருக்கமாட்டார். ஆனால் விளக்கு அணைந்தது.

பெரிய குழாயின் பக்கத்தில் பூட்டியிருந்த சின்னக் குழாயால் சனிக்குக் குறி வைத்துவிட்டு இவர் விலகி நின்றார். "நீர் முதல் பாரும். எனக்குப் பயமாக் கிடக்கு. இந்தத் திருகை மெல்லத் திருப்பும்."

கண்ணை வைத்தேன். மங்கலான வெளிச்சம் ஒன்று சுருங்கிச் சுருங்கி ஓர் உருண்டையாகியது. வெறும் உருண்டை. அவருடைய மூச்சுச் சத்தம் காதருகில் கேட்டது. பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். திருகை இன்னும் ஒரு மயிரிழை திருப்பினேன். காற்று அடங்கியது. அப்போது அது வெளியே வந்தது. எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்தி மறுபக்கம் எடுத்தது போல, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, அவ்வளவு மெல்லியதாக, அவ்வளவு நேராக.

"தெரியுது!" என்றேன்.

"எனக்காகச் சொல்லாதையும்."

"உங்களுக்காக நான் எப்ப நல்லது சொன்னனான்?"

"அப்ப கோடு எந்தப் பக்கம் சரிஞ்சிருக்கெண்டு இதில கீறும்." வலக்கையை விரித்து நீட்டினார். நான் இன்னொரு தரம் பார்த்துவிட்டு, அவர் உள்ளங்கையில் என் விரலால் சாய்வாக ஒரு கோடு இழுத்தேன். அவர் குனிந்து கண்ணை வைத்தார்.

எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. மேலேயிருந்து பாஸ், "பேனவத, நோனா?" என்று தெரிகிறதா எனக் கேட்டார். "பேனவா!" என்று நான்தான் சொன்னேன். இருட்டுக்குள் வேலைக்காரர்கள் விசிலடித்தார்கள். இவர் நிமிர்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்தார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"இதே சாய்வுதான். முடிச்சிட்டன், என்ன?"

"ஓம், முடிச்சிட்டியள்."

அன்று இரவுச் சாப்பாடு புட்டும் மீன்குழம்பும். கோப்பையை முன்னால் வைத்து, கை கழுவிவிட்டு வரச் சொன்னேன். அவர் எழும்பவில்லை. நான் கோடு இழுத்த வலக்கையைப் பொத்தி மடியில் வைத்திருந்தார். "ஒரு கரண்டி தாரும்" என்றார்.

நான் எடுத்து அவருடைய இடக்கையில் கொடுத்தேன்.