சமையலறைச் சுவரில் ஒரு திறப்பு

அவரைக் காதுக்கார மேஸ்திரி என்பார்கள். சுவரை விரல் முட்டியால் நாலு தட்டு தட்டிக் கேட்டுவிட்டு, இது மேல்தளத்தைத் தாங்குகிறது, கை வைக்காதே என்றோ, வெறும் தடுப்புதான், தாராளமாக உடை என்றோ சொல்லிவிடுவார். நாற்பது வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அந்தக் காதுதான் இப்போது காலை வாரிவிட்டது. எதிரே நின்று கத்தினாலும் பாதிதான் விழுகிறது. வெளியே மூச்சு விடவில்லை. தெரிந்தால் யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

மனைவி இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கை. போன வாரம் அவர் சமையலறையில் நிற்க, அடுத்த அறையில் அவள் ஒரு மணி நேரம் தண்ணீர் கேட்டுக் கத்தியிருக்கிறாள். போய்ப் பார்த்தபோது அழுதுகொண்டிருந்தாள். அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. நடுச்சுவரில் ஒரு திறப்பு வைத்தால் முகமாவது பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றே முடிவு கட்டினார்.

இந்தச் சுவரை மட்டும் அவர் தட்டிப் பார்க்கவில்லை. தளம் போட்ட பிறகு அவரே கட்டிய தடுப்பு. பாரம் இறங்காமலிருக்கத் தளத்துக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விட்டு, ஒப்புக்குப் பூசியதும் அவரே. பெற்ற பிள்ளையிடம் யாராவது அடையாள அட்டை கேட்பார்களா? போன வருடம் அவர் மனைவியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மகன் வேறொரு மேஸ்திரியை வைத்து மாடியில் அறை எழுப்பிவிட்டான். அந்தக் கோபத்தில் அவர் இன்றுவரை மாடி ஏறவில்லை. மகா ரோஷக்காரர். ஏறியிருந்தால், புதுச்சுவர் சரியாக இந்தத் தடுப்புக்கு மேலே நிற்பதும், பாரத்தில் தளம் இறங்கியிருப்பதும் கண்ணில் பட்டிருக்கும்.

மனைவிக்கு மூக்கில் ஈரத்துணி கட்டிவிட்டு, சமையலறைப் பக்கமிருந்து அறுக்கத் தொடங்கினார். கிடைமட்டக் கோட்டை அறுக்கும்போது மெஷினின் அறுப்பு வட்டைச் சுவர் கவ்விப் பிடித்தது. பாரம் இல்லாத சுவர் அப்படிக் கவ்வாது. அடுத்தவர் வீடென்றால் அந்த நொடியே மெஷினைக் கீழே வைத்திருப்பார். இங்கே, வட்டு மொக்கை என்று திட்டிவிட்டு வேறு மாட்டினார்.

மூன்றடி அகலத்துக்கு அறுத்து, மேல் வரிசைக் கற்களை ஒவ்வொன்றாகத் தட்டி உருவினார். சந்தில் அவள் முகம் தெரிந்தது. துணியை விலக்கிவிட்டு வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம் என்று நினைத்தார்.

"தெரியுதா? இனிமே நீ கத்தவே வேணாம்," என்றார்.

அவள் கை மேலே காட்டியது. அவர் சந்தில் காதை வைத்தார்.

"மேலே நறநறன்னு நெரியுதுங்க. நீங்க அறுக்க ஆரம்பிச்சதிலேருந்து கத்திக்கிட்டே இருக்கேன்."

நிமிர்ந்து பார்த்தார். தளத்தில் சுவர் நீளத்துக்கும் விரிசல். அதிலிருந்து அவள் படுக்கைமேல் காரை உதிர்ந்துகொண்டிருந்தது. சுற்றிக்கொண்டு ஓடலாம், ஆனால் ஒற்றை ஆளாக அவளைத் தூக்க முடியாது.

காலடியில் கிடந்த கல்லை, சற்றுமுன் உருவியதையே, எடுத்து அதே இடத்தில் வைத்துத் தள்ளினார். நுழையவில்லை. திருப்பி வைத்துத் தள்ளினார். எங்கிருந்து உருவினாரோ அந்த இடம் அந்தக் கல்லுக்கே போதாமல் குறுகிவிட்டிருந்தது.